வலது கதவுக் கண்ணாடி

1991 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காலை மணி 6.10.

படப்பையில் புது மனைகளுக்கு நடுவே தனியாக நின்ற வீடு. அதன் முற்றத்தில், வாயில் பற்பசை நுரையோடு இராமச்சந்திரன் அப்படியே நின்றுவிட்டார். அவருடைய 1957ஆம் வருஷத்து அமெரிக்கக் காரின் வலது கதவுக் கண்ணாடி, கூரையோரத்து ரப்பரை விட்டுக் கட்டைவிரல் அகலத்துக்கு வெளியே சாய்ந்திருந்தது. கதவுக்குக் கீழே ஈர மண்ணில் கொக்கி வைத்து வளைத்த கம்பி ஒன்று கிடந்தது. உள்ளே டேஷ்போர்டு பெட்டி திறந்திருந்தது. அதில் வைத்திருந்த வைரத் தோடு, காலஞ்சென்ற மனைவியின் தோடு, காணவில்லை.

பீரோவை விட்டுவிட்டுக் காரில் யாராவது தோட்டை வைப்பார்களா என்று கேட்காதீர்கள். இராமச்சந்திரன் வைப்பார். அந்தக் காரைத் தவிர அவர் எதையும் நம்பியதில்லை.

காலை மணி 7.40.

சப்-இன்ஸ்பெக்டர் செந்தாமரை ஜீப்பிலிருந்து இறங்கும்போதே முழங்கால் மடங்க மறுத்தது. இரண்டு நாளாகக் கோயில் திருவிழாவில் பந்தோபஸ்து. வீட்டுக்குப் போய்க் கால் நீட்டலாம் என்று கிளம்பிய நேரத்தில்தான் இந்தப் புகார் வந்தது. கூட வந்த ஏட்டு பரசுராமன் ஜீப்பிலேயே பாதி தூங்கியிருந்தார்.

"யார் மேலயாவது சந்தேகமா சார்?"

"சந்தேகம் என்ன மேடம், சாம்சன்தான்! ஒரு வாரமா இந்தக் கண்ணாடியைச் சரி பண்றேன்னு வந்தவன். நேத்து சாயந்திரம் ஆறு மணிக்கு, எல்லாம் ஆச்சுன்னு சாவியைக் குடுத்துட்டுப் போனான். வேணும்னே இடுக்கு விட்டுட்டுப் போயிருக்கான். ராத்திரி வந்து கம்பியை விட்டுப் பூட்டைத் தூக்கியிருக்கான்."

"வேலை முடிஞ்சதும் நீங்க பார்க்கலையா?"

"இருட்ட ஆரம்பிச்சா எனக்குக் கண்ணு அவ்வளவா தெரியாது. அவன் சொன்னதை நம்பினேன்."

"தோடு அங்க இருக்கறது அவனுக்குத் தெரியுமா?"

"வீட்டுக்கு வர்ற எல்லார்கிட்டயும் காட்டுவேன். அவன்கிட்டயும் காட்டினேன்."

செந்தாமரை பெருமூச்சு விட்டார்.

"வீட்டுல வேற யாரு?"

"என் தங்கச்சி பையன் சிவசங்கர். என் கூடத்தான் இருக்கான்."

சிவசங்கர் ஓடிவந்து நின்றான். முப்பது வயது இருக்கும். வல்லம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையன். கண்கள் சிவந்திருந்தன.

"நேத்து எத்தனை மணிக்கு வூட்டுக்கு வந்தே?"

"செகண்ட் ஷிப்டு மேடம். மறைமலை நகர் கம்பெனி. பதினோரு மணிக்கு வண்டி எறக்கி உட்டுச்சு. அப்படியே படுத்துட்டேன். சாம்சனும் எங்க லைன்தான், ஆனா பர்ஸ்ட் ஷிப்டு. வண்டிக்குக் கதவு மாட்டற வேலை. கைகாரன்னு நான்தான் மாமாகிட்ட கூட்டிகினு வந்தேன். இப்புடிப் பண்ணுவான்னு யாரு கண்டா?"

"கார் சாவி எங்க இருக்கும்?"

"ஹால்ல ஆணியில மாட்டிக்கீது மேடம்."

சாம்சன் என்ற பெயரைக் கேட்டதும் செந்தாமரைக்கு ஒன்று நினைவு வந்தது. அந்தப் பெயருள்ள படிவம் மூன்று நாளாக அவர் மேஜையில் கிடக்கிறது. நன்னடத்தைச் சான்று. நாளை திங்கட்கிழமை அவன் கம்பெனியில் நிரந்தரத் தொழிலாளியாகச் சேர வேண்டும். எஃப்.ஐ.ஆரில் பெயர் ஏறிவிட்டால் அந்தப் படிவம் குப்பைக்குத்தான் போகும்.

"பரசுராமன், அவனைக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

காலை மணி 8.15.

முற்றத்தில் உட்கார நாற்காலி இல்லை. கால் வலி பொறுக்காமல் செந்தாமரை காரின் வலது கதவைத் திறந்து சீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். சட்டென்று எழுந்து காக்கிச் சேலையைத் தடவிப் பார்த்தார். பிறகு மறுபடியும் உட்கார்ந்தார்.

"ராத்திரி மழை எப்போ சார்?"

"ரெண்டு மணிக்குப் பிடிச்சது. நாலரை வரைக்கும் கொட்டுச்சு. தூக்கமே இல்லை."

திறந்த கதவின் வெளிப்பக்கத்தைப் பார்த்தார். கைப்பிடி உயரத்துக்குச் சேறு தெறித்திருந்தது. இடது கதவு துடைத்து வைத்ததுபோல இருந்தது. கதவின் அடி விளிம்பைக் குனிந்து பார்த்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. அங்கே இரண்டு நட்டுகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு மஞ்சள் கோடு. நட்டில் இருந்த பாதியும் கதவுத் தகட்டில் இருந்த பாதியும் ஒன்றோடொன்று சேராமல் விலகி நின்றன. அவற்றின் மேலேயே நேராக ஒரு வெள்ளைக் கோடு. அதைத் தொட்டதும் விரலில் லேசாக ஒட்டியது.

காலை மணி 9.05.

சாம்சனை மாதா கோயில் ஞாயிறு பூசையிலிருந்து அப்படியே கூட்டி வந்திருந்தார் ஏட்டு. தேய்த்த வெள்ளைச் சட்டை. பார்க்கப் பாவமாக இருந்தது.

"மேடம், நாளைக்கு ஜாயின் பண்ணணும் மேடம். ஆறு வருஷமா காண்ட்ராக்டு. லைன்ல இந்த வருஷம் ஒரே ஒரு ஆளைத்தான் எடுக்கறாங்க."

"அதெல்லாம் அப்புறம். இந்தக் கண்ணாடியில இன்னா வேலை பண்ணே?"

வேலையைப் பற்றிக் கேட்டதும் அவன் குரல் கொஞ்சம் நிலைக்கு வந்தது. "இந்த வண்டில கண்ணாடியைச் சுத்தி சட்டம் கெடையாது மேடம். கண்ணாடி தானா நின்னு மேல ரப்பர்ல போய் படியணும். ஒரு நூல் சாஞ்சாலும் தண்ணி உள்ள வந்துடும். சாய்க்கறதும் நிமுத்தறதும் கதவுக்கு அடியில கீற ரெண்டு நட்டுதான். காயிதம் வெச்சு கதவைச் சாத்தி இழுத்துப் பாத்தேன், சும்மா கவ்விகிச்சு."

"கதவு சாத்தியிருக்கும்போது அந்த நட்டைத் திருப்ப முடியுமா?"

"முடியாது மேடம். சாத்திட்டா நட்டு உள்ள மறைஞ்சிடும். கதவு தொறந்தாத்தான் ஸ்பேனர் போவும்."

"நட்டு மேல கோடு எதுக்கு?"

"கம்பெனிப் பழக்கம் மேடம். இறுக்கின நட்டு மேல ஒரு கோடு போட்டுடணும். கோடு ஒடஞ்சிருந்தா நட்டு லூசாயிடுச்சுன்னு அர்த்தம். ஒரு நாளைக்கு ஆயிரம் நட்டு, கை தானா போட்டுடும்." சட்டைப் பையிலிருந்து மஞ்சள் பெயிண்ட் பேனாவை எடுத்துக் காட்டினான். பூசைக்குப் போகும்போதும் அதை எடுத்துப் போகிறவன்.

இராமச்சந்திரன் பொறுமையிழந்தார். "இதுல என்ன மேடம் ஆராய்ச்சி? இடுக்கு கண்ணு முன்னாடி இருக்கே!"

"இருக்கு சார். ஆனா நேத்து ராத்திரி இல்லை." செந்தாமரை கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "ரெண்டரை மணி நேரம் மழை. அதுவும் இந்தப் பக்கம்தான் அடிச்சிருக்கு, சேறு பாருங்க. கட்டைவிரல் அகலம் இடுக்கு இருந்திருந்தா இந்த சீட்டு குளமா இருந்திருக்கணும். நான் உட்கார்ந்து எழுந்தேன், சேலையில ஒரு சொட்டு ஈரம் இல்லை. அப்போ நாலரை மணிக்கு மேலதான் கண்ணாடி சாஞ்சிருக்கு."

"மழை விட்டப்புறம் அவன் வந்து..."

"வந்து? கண்ணாடியைச் சாய்க்கணும்னா முதல்ல கதவைத் திறக்கணும். கதவைத் திறந்தவனுக்குக் கம்பி எதுக்கு சார்? இடுக்கு எதுக்கு? திருடறதுக்கு இல்லை. சாம்சனைக் காட்டறதுக்கு. கம்பி அதுக்குப் போட்ட வேஷம். பூட்டின கதவு சாவியாலதான் திறந்திருக்கு. சாவி உங்க ஹால் ஆணியில இருக்கு."

சிவசங்கர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாம்சன், உங்க கம்பெனியில எல்லா ஷிப்டுக்கும் மஞ்சள்தானா?"

"இல்லீங்க மேடம். எந்த ஷிப்டு இறுக்கினதுன்னு தெரியணும்ல? நாங்க மஞ்சள். செகண்ட் ஷிப்டு..." அவன் குனிந்து கதவின் அடியைப் பார்த்தான். மீதியைச் சொல்லாமல் சிவசங்கரைத் திரும்பிப் பார்த்தான்.

"வெள்ளை" என்றார் செந்தாமரை. "இன்னும் சரியாகக்கூடக் காயலை. விடியறதுக்கு முன்னாடி எழுந்து, நட்டைத் தளர்த்தி, கண்ணாடியைச் சாய்ச்சு, மறுபடி இறுக்கியிருக்கான். இறுக்கின கை சும்மா இருக்கலை. எட்டு மணி நேரம் லைன்ல நின்னுட்டு வந்த கை, தானா கோடு போட்டுடுச்சு. சிவசங்கர், உன் பேனாவை எடு."

அவன் எடுக்கவில்லை. சட்டைப் பையின் ஓரத்தில் வெள்ளைக் கறை இருந்தது.

"நிரந்தரம் பண்ற லிஸ்ட்டுல சாம்சனுக்கு அடுத்து யாரு?"

"நான்தான்" என்றான் சிவசங்கர். அழக்கூடத் தெம்பில்லாத குரல். "தோடு எனக்கு வேணாம் மேடம். ஷூவுக்குள்ள கீது, மாமா பீரோவுலயே போட்டுடலாம்னுதான் இருந்தேன். அவன் பேரு ஒரு தடவை ஸ்டேஷன்ல எழுதிட்டா போதும், எனக்கு வந்துடும். அஞ்சு வருஷமா நிக்கறேன் மேடம். இன்னும் ஒரு வருஷம் காண்ட்ராக்டுல நிக்க என்னால முடியாது."

செந்தாமரைக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. வருத்தம்தான் வந்தது. இரண்டு பேரும் ஒரே லைன், ஒரே வேலை, காலியாக இருப்பதோ ஒரே ஒரு இடம்.

காலை மணி 9.50.

தோடு இராமச்சந்திரன் கைக்கு வந்துவிட்டது. அவர் குரலும் இறங்கிவிட்டது. "மேடம், பொருள் கிடைச்சிடுச்சு. என் தங்கச்சி பையன். கேஸு வேணாம், புகாரைக் கிழிச்சுடுங்க. அவன் வாழ்க்கையே போயிடும்."

கிழித்துவிட்டால் செந்தாமரை வீட்டுக்குப் போகலாம். எழுதினால் சாயந்திரம்வரை ஸ்டேஷன்தான். பரசுராமன் ஆவலோடு ஜீப்பைப் பார்த்தார். கிழிக்கலாம் என்றுதான் செந்தாமரைக்கும் தோன்றியது.

"நீ இன்னா சொல்றே சாம்சன்?"

சாம்சன் சிவசங்கரைப் பார்த்தான். இந்தக் கார் வேலைக்குத் தன்னைக் கூட்டி வந்தவன். கேண்டீனில் டீ வாங்கித் தந்தவன்.

"எழுதுங்க மேடம்" என்றான். "காலைல எம்பேரை எழுதச் சொன்னப்போ, என் வாழ்க்கையைப் பத்தி யாரும் கேக்கல."

செந்தாமரை காரின் பானெட்டில் காகிதத்தை விரித்துப் பேனாவைத் திறந்தார்.

"முழுப் பேரைச் சொல்லுப்பா" என்றார் சிவசங்கரிடம்.