கடற்கரைக்குப் பாங்கு சொன்ன கார்

"நீங்கதானே நானா லைட்டையும் போடச் சொன்னீங்க?"

அண்ணன் முறை வைத்து 'நானா' என்றாலும் ஸும்றாவின் குரலில் கோபம்தான் இருந்தது. எதிரில் நின்றவன் கையில் பாதி சம்சா... வாயில் மீதிப் பாதி. விழுங்கவும் முடியாமல் பேசவும் முடியாமல் அவன் விழித்த விழிக்கு, வேறொரு நாளாக இருந்தால் அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய மின்சாரக் கார் ஆலங்குடாக் கடற்கரையில், தென்னைகளுக்குக் கீழே, மூச்சுப்பேச்சில்லாமல் நின்றது.

ஸும்றா ஒரு பிசியோதெரபிஸ்ட். கற்பிட்டியிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், பாரிசவாதத்தில் கை கால் விழுந்தவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது அவள் தொழில். அன்று ஆலங்குடாவில் ஆசியா உம்மாவின் வலது கையை மடக்கி நீட்டி முடித்தபோது அஸர்த் தொழுகை நேரம் தாண்டிவிட்டது. நோன்பு திறக்காமல் போக விடமாட்டேன் என்று, அந்தக் கையாலேயே அவள் ஹபாயா அங்கியை எட்டிப் பிடித்துக்கொண்டார் ஆசியா உம்மா. நேற்றுவரை அசையாத கை பிடித்த சந்தோஷத்தில் இவளும் இருந்துவிட்டாள்.

ஊரில் காலையிலிருந்து கரண்ட் இல்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஊமையாகிக் கிடந்தது. அந்தக் கரையின் ஆட்களுக்கு ஒரு வழக்கம்... கையில் போன் இருக்கும், போனில் நேரமும் இருக்கும். ஆனாலும் தொழுகைக்கு அழைக்கும் பாங்குச் சத்தம் காதில் விழாமல் ஒருவர்கூடப் பேரீச்சம்பழத்தைத் தொடமாட்டார்கள். என்ன செய்வதென்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் படகடியிலிருந்து அவன் வந்தான். மடித்துக் கட்டிய சாரம்... கடற்காற்றில் கலைந்த தலை... காலையில் வெள்ளைக்காரர்களை டொல்பின் பார்க்கக் கூட்டிப் போகும் சுஹைர்.

மிஸ்ஸின் காரில் ரேடியோ இருக்குமே, பாங்கு மட்டும் கேட்க விடுவீர்களா என்று மரியாதையாகத்தான் கேட்டான். ஸும்றா நான்கு கதவையும் திறந்துவிட்டு, ரேடியோவைக் கரை முழுக்கக் கேட்கும்படி வைத்தாள். வெளிச்சம் மங்கத் தொடங்கியதும், பாய் விரிக்க லைட்டும் கிடைத்தால் நல்லது என்றான். அதையும் போட்டாள். பெரிய பெட்டரியில் எண்பது வீதம் சார்ஜ் இருக்கிறது, பயமில்லை என்று அவனிடம் சொல்லவும் செய்தாள். காரை முழுசாக ஸ்டார்ட் பண்ணாமல் ரேடியோவையும் லைட்டையும் மட்டும் ஓடவிட்டோமே என்று அந்தப் புத்திசாலிக்கு உறைக்கவே இல்லை.

பாங்கு வந்தது. படகடியில் ஆண்கள், தென்னையடியில் பெண்கள்... கரை மொத்தமும் ஒரே நேரத்தில் நோன்பு திறந்தது. கஞ்சிக் கோப்பைக்கு மேலால் அவன் ஒருதரம் இந்தப் பக்கம் பார்த்தான். அவளும் அதே நொடியில் பார்த்துத் தொலைத்தாள். ஐயோ, என்ன கண் அது... கடலையே பார்த்துப் பார்த்துப் பழகிய கண். அவசரமே இல்லாத கண். பேரீச்சம்பழத்தை எடுக்கப் போன அவள் விரல் கொட்டையை எடுத்துக்கொண்டு திரும்பியது.

தொழுதுவிட்டு வந்து பொத்தானை அழுத்தினால் கார் செத்துக் கிடந்தது. இப்போது சொல்லுங்கள்... கோபம் வருமா, வராதா?

கோபத்துக்குக் கீழே பயம்தான் இருந்தது. அவள் வாப்பா ஜெமீல் ஹாஜியாருக்குக் கற்பிட்டியில் மீன் வலைக்கடை. மகள் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவதில் அவருக்கு விருப்பமே இல்லை. அதிலும் மின்சாரக் காராம், பெற்றோல் இல்லாமல் ஓடுமாம்... பல மாதம் கெஞ்சி, சாப்பிடாமல் கிடந்து, கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதம் வாங்கியிருந்தாள். நடுவழியில் ஒருநாள் நின்றாலும் காரின் திறப்பு, அதாவது சாவி, அவர் கைக்குப் போய்விட வேண்டும். அவர் சொன்னால் சொன்னதுதான். திறப்புப் போனால் தொழிலும் போச்சு. ஆசியா உம்மாவின் விரல்கள் அரைகுறையாக மடங்கியபடியே நின்றுவிடும்.

சுஹைர் ஒருவழியாகச் சம்சாவை விழுங்கினான். "எண்பது வீதம் சார்ஜ் இருக்குதெண்டீங்க. பின்ன எப்படி மிஸ் சாகும்?"

"பெரிய பெட்டரிக்கு ஒண்டுமில்ல. செத்தது சின்ன பெட்டரி. போனட்டுக்குள்ள இருக்கு... அதுதான் மத்ததெல்லாத்தையும் எழுப்பிவிடுறது."

அவனுக்குப் புரியவில்லை என்று முகத்திலேயே எழுதியிருந்தது. அவள் மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னாள். "சஹர்ச் சாப்பாட்டுக்கு விடியமுன்னம் பக்கீர் பாவா தெருத்தெருவா றபான் மேளம் அடிச்சு ஊர எழுப்புவார்தானே. வீட்டுல பானை நிறையச் சோறு இருக்கு. ஆனா பாவா தூங்கிட்டா? வீடே பட்டினி."

சுஹைர் சிரித்துவிட்டான். அடக்கப் பார்த்தும் முடியாமல், தோள் குலுங்கக் குலுங்க... அவளுக்கும் உதடு துடித்தது. கடித்துக்கொண்டாள்.

"அப்ப பாவாவ எழுப்ப வேற பாவா வேணும்," என்றான். "என்ட போட்ல ஒரு பாவா இருக்கார்."

சொன்ன வேகத்தில் மணலில் ஓடினான். படகு விளக்குக்கு வைத்திருந்த பெட்டரியைக் கழற்றித் தோளில் ஏற்றிக்கொண்டு வந்தபோது, வானம் பொத்துக்கொண்டது. ஒரு துளி... இரண்டு... பிறகு பெருமழை. பெண்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடினார்கள். திறந்த போனட்டுக்குள் தண்ணீர் போகுமே என்று அவள் பதறி முடிப்பதற்குள், அவன் படகை மூடும் தறப்பாளை இழுத்து வந்து ஒரு முனையைத் தென்னையில் கட்டினான். மறு முனையைத் தன் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான்.

தறப்பாளுக்குக் கீழே இரண்டு பேர்... தலைக்கு மேல் மழை... நடுவில் ஒரு செத்த கார்.

படகு பெட்டரியோடு வந்த சிவப்பு வயரைச் சிவப்புக்கு மாட்டினாள். கறுப்பை இரும்பில் மாட்டச் சொல்லிக் கொடுத்தாள். ஷொக் அடிக்காதா என்று அவன் தயங்கினான். அடித்தால் முதலில் எனக்குத்தான் அடிக்கும் என்றாள். அப்படியென்றால் நானே மாட்டுகிறேன் என்று அவன் கையை நீட்டினான். விரல் விரலில் படவில்லை. பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இரண்டு பேருமே நினைத்தார்கள். இரண்டு பேருமே அவசரமாக வேறு பக்கம் பார்த்தார்கள். கண்ணிமையில் மழைத்துளியோடு அவள் நிமிர்ந்தபோது, அவன் தறப்பாளை அவள் பக்கமே சரித்துப் பிடித்துக்கொண்டு, தான் தெப்பமாக நனைந்துகொண்டிருப்பது தெரிந்தது.

கோபம் எங்கே போனது? தேடினாள். காணவில்லை.

உள்ளே ஏறி பிரேக்கை மிதித்துப் பொத்தானை அழுத்தினாள். ஒரு துடிப்பு... திரையில் வெளிச்சம்... பச்சை விளக்கு. ரேடியோ மறுபடியும் பாடத் தொடங்கியது. ஸும்றாவுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இனிப் பெரிய பெட்டரியே சின்னதுக்குச் சார்ஜ் ஊட்டிவிடும் என்று அவனிடம் சொன்னபோது, குரல் தன் குரலாகவே இல்லை.

"இது வாப்பாட காதுக்குப் போகக் கூடாது நானா. திறப்ப வாங்கிருவார்."

"என்ட வாயால போகாது. ஆனா ஒரு நிபந்தனை..." அவன் முகத்தில் வழிந்த மழையைத் துடைத்தான். "நானா எண்டு மட்டும் கூப்பிடாதீங்க. நான் உங்கட அண்ணன் இல்ல."

கற்பிட்டி வரைக்கும் அவள் சிரித்துக்கொண்டே ஓட்டினாள். வைப்பரும் அவள் சிரிப்பும் ஓயவே இல்லை.

சந்தோஷம் மறுநாள் பகல்வரைதான். கடையிலிருந்து வந்த வாப்பா உட்காரக்கூட இல்லை. கார் கடற்கரையில் நின்றதாமே என்று மட்டும் கேட்டார். கையை நீட்டினார். ஸும்றா பொய் சொல்லிப் பழகாதவள். திறப்பை வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணீர் திறப்புக்காக மட்டும் வரவில்லை. வாக்குக் கொடுத்தானே... அந்தச் சிரிப்பை நம்பினேனே...

அதற்குப் பிறகு பக்கத்து வீடுகளுக்கு மட்டும் ஓட்டோவில் போனாள். மிச்ச நேரம் வலைக்கடையில், வாப்பாவுக்கு உதவியாக. அங்கேதான் ஒரு பின்னேரம் படகுக்குக் கயிறு வாங்க சுஹைர் வந்தான். அவளைக் கண்டதும் அவன் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததே... அதைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் எரிந்தது.

"என்ன வேணும் நானா?"

அந்த ஒரு சொல்லில் அவன் முகம் வாடியது. ஆசியா உம்மா கையைப் பார்த்துப் பார்த்து அழுகிறார், ஏன் வரவில்லை என்று கேட்டான். திறப்பு வாப்பாவின் கையில், வாக்கை விற்றவர்களிடம் போய் ஏனென்று கேளுங்கள் என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் சொல்லவில்லை என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவனுக்கும் ரோசம். நம்பாதவளிடம் என்னத்தைச் சொல்வது? கயிற்றை வாங்காமலே இறங்கிப் போனான். அன்றைக்கு நோன்பு திறக்கும்போது அவள் ஒரு பேரீச்சம்பழத்தோடு எழுந்துவிட்டாள்.

நோன்பு மாதம் முடியப் போகிற நேரம். ஒரு நாள் மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்த வாப்பா, திறப்பை அவள் முன்னால் வைத்தார். அவர் பேச்சு வழக்கத்தைவிட மெதுவாக வந்தது.

"அந்த டொல்பின் போட்காரப் பொடியன் பள்ளியில என்னக் கண்டான். ரேடியோவும் லைட்டும் அவன்தான் கேட்டானாம். பிழை தன்டதாம், கார்டதும் இல்லையாம், உன்டதும் இல்லையாம்." ஹாஜியார் திறப்பை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார். "ஒரு கரையே உன்ட கார்ப் பாங்குல நோன்பு திறந்திருக்கு மகள். அந்த நன்மைக்கு நான் தண்டனை குடுத்திட்டன்."

ஸும்றா திறப்பை எடுத்துக்கொண்டாள். அப்படியானால் அன்றைக்கு உங்களிடம் சொன்னது யார் என்று கேட்டாள். அன்றைக்கு ஆலங்குடாப் பக்கம் வந்திருந்த ஐஸ் லொறி ஓட்டுகிற அல்பிரட் என்றார் வாப்பா. போட் பெட்டரியை வைத்தே உங்கள் மகள் காரை எழுப்பிவிட்டாள், கெட்டிக்காரி என்று அவன் மெச்சித்தான் சொன்னானாம். கார் நின்றது என்பது மட்டும்தான் இவர் காதில் விழுந்ததாம்.

அல்பிரட்... சுஹைர் இல்லை. சுஹைர் இல்லவே இல்லை. நானா என்று சொல்லி அவன் முகத்தைக் கருக வைத்தாளே, பாவி. சின்ன பெட்டரியையும் புதுசாக மாற்றியாச்சு என்று வாப்பா சொன்னது பாதிதான் கேட்டது.

பெருநாள் பிறை பார்க்கும் அந்தி. ஆலங்குடாவுக்குப் போகும் வழியெல்லாம் என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்தாள். கரையில் நோன்பு திறந்தவர்கள் அப்படியே மேற்கே பார்த்து நின்றார்கள். மேகம். பிறை அகப்படவில்லை. கொழும்பிலிருந்து வரும் அறிவிப்புக்குக் காத்திருந்தார்கள். ஸும்றா அதே தென்னையடியில் காரை நிறுத்தி, பச்சை விளக்கை எரியவிட்டபடியே ரேடியோவைப் போட்டாள். ஆசியா உம்மா தூரத்திலிருந்து வலது கையைத் தூக்கி அசைத்தார்.

சுஹைர் படகடியில் நின்றான். வரமாட்டான் போலிருந்தது. அவளே மணலில் நடந்து போனாள்.

"சுஹைர்..."

அவன் திரும்பினான். நானா இல்லாமல் முதல் தடவை அழைத்த அழைப்பு... ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்து போயிற்று.

"உங்கள நம்பாமப் போனன். அதுதான் என்ட பிழை. அந்த மழையில தறப்பாள என்ட பக்கம் சரிச்சுப் பிடிச்சீங்களே... அப்பவே நம்பியிருக்கணும்."

அவன் மணலைப் பார்த்தான். கடலைப் பார்த்தான். கடைசியில் அவளைப் பார்த்தான்.

"எனக்கு உங்களப் புடிச்சிருக்கு மிஸ். அன்டைக்கு லைட் கேட்டதே பாய் விரிக்க இல்ல... உங்கட முகத்த இன்னொருக்காப் பாக்கத்தான்."

அடப்பாவி... பெட்டரியைக் கொன்றது அதுவா? ஸும்றாவுக்குக் காது வரைக்கும் சூடேறியது. குனிந்துகொண்டே, இதையெல்லாம் வாப்பாவிடம் அல்லவா வந்து கேட்க வேண்டும் என்றாள்.

"கேட்டுட்டன். பள்ளியில வச்சே கேட்டன்."

அவள் நிமிர்ந்தாள். "என்ன சொன்னார்?"

"மகள்ட்டக் கேளு எண்டார்."

காரிலிருந்து அறிவிப்புக் கேட்டது. பிறை தென்பட்டுவிட்டது, நாளை பெருநாள். கரை முழுக்க அல்லாஹு அக்பர் என்று தக்பீர் எழுந்தது. யாரோ கட்டிப்பிடித்தார்கள், யாரோ பட்டாசுக்கு நெருப்பு வைத்தார்கள். அவன் மட்டும் அசையாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்து நின்றான்.

"எனக்கும் ஒரு நிபந்தனை இருக்கு," என்றாள் ஸும்றா. "என்ட கார் ரேடியோவ நீங்க தொடக் கூடாது."

"தொடமாட்டன்."

"லைட்டும்."

"உங்கட முகம் பக்கத்துலயே இருந்தா... லைட் என்னத்துக்கு?"

அவள் ஷோலால் சிரிப்பை மூடிக்கொண்டாள். வெடிச்சத்தத்துக்கு நடுவில் அவனுக்குக் கேட்காமல் போய்விடுமோ என்று ஓரடி கிட்ட வந்தாள்.

"அப்ப... ஓம், சம்மதம்."