சோதிக்கப் புதைத்த மோதிரம்

மோதிரத்தை ஒரு சாண் ஆழத்தில்தான் புதைத்தான் கப்பாஷி. இரண்டு சாண் தோண்டியும் அது அங்கே இல்லை.

சூடானின் அபூ ஹமத் சந்தையில் தங்கம் தேடும் டிடெக்டர் வாங்குகிற எவனும் விற்பவன் பேச்சை நம்பமாட்டான். வீட்டுத் தங்கத்தைக் கொண்டுவந்து, கடையின் பின்முற்றத்து மணலில் தன் கையாலேயே புதைத்து, மெஷினை மேலே ஆட்டிப் பார்த்த பிறகுதான் விலையே பேசுவான். கப்பாஷி கொண்டுவந்தது மனைவி சித்தானாவின் கல்யாண மோதிரம். அதைக் கழற்றிக் கொடுக்க அவளுக்கு மனசே இல்லை.

"மெஷின் இல்லாம வந்தாலும் அசீதாக் களி கிண்டிப் போடுறேன். மோதிரம் இல்லாம வந்தா வாசப்படி ஏறாதே."

முதலில் சின்ன மெஷினை ஆட்டினான். கைக்கு அடக்கமானது, பொடித் தங்கத்தையும் பிடிக்கும், ஆனால் கருங்கல் பூமியில் கண்டதற்கெல்லாம் கத்தும் என்பார்கள். இங்கே அது வாயே திறக்கவில்லை; கையால் இரண்டு சாண் தோண்டிப் பார்த்தும் மோதிரம் இல்லை. அடுத்தது பெரிய வட்டு வைத்த பழைய மெஷின். கடைக்காரர் தீராப் ஹாஜி அதைத் தொடும்போது மட்டும் குரலைத் தாழ்த்தினார்.

"இது பொடியையெல்லாம் மதிக்காது தம்பி. ஆழத்துல கிடக்கிறதுதான் இதுக்கு வேணும்."

வட்டு மணலைத் தாண்டியதும் மெல்லிய ரீங்காரம் எழுந்தது.

"ஒரு சாண்லதானே வெச்சேன் ஹாஜி?"

"மணல் நழுவும்ப்பா. அதான் மெஷின் சொல்லுதே, தோண்டு."

தோண்டினான். முழங்கால் ஆழம், இடுப்பு ஆழம், மார்பு ஆழம். ஒவ்வொரு முறை வட்டை இறக்கியபோதும் ரீங்காரம் இன்னும் கொஞ்சம் கீழே என்றது. பல வருஷமாக மழை காணாத அந்த மண்ணில், வெகுநாள் பூட்டிக்கிடந்த அறையின் ஈர வாடை வந்தது. மேற்கே புழுதிப்புயல் எழும்பி வானம் பழுப்பாகிக் கறுத்துக்கொண்டிருந்தது; சந்தையில் தகரக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்தப்படும் சத்தம் குழிக்குள் மந்தமாக விழுந்தது. மெஷினைக் குழியின் விளிம்பில் சாய்த்து வைத்திருந்தான். யாரும் ஆட்டவில்லை. அது பாடிக்கொண்டேயிருந்தது.

"ஹாஜி, கையக் குடுங்க. ஏறிடுறேன்."

"மோதிரம்?"

கப்பாஷிக்குச் சித்தானாவின் வெறும் விரலை நினைத்தால் அவமானமாக இருந்தது, அழுகையும் வந்தது.

"அப்போ தோண்டு" என்றார் ஹாஜி. குழி விளிம்பிலிருந்து அவர் தலை விலகியது.

புழுதி வந்து மூடியது. தன் கையே தெரியவில்லை. மண்டியிட்டுத் தோள்வரை கையை மணலுக்குள் விட்டுத் துழாவினான். பட்டது. வழுவழுப்பு. மோதிரமேதான்!

இழுத்தான். வரவில்லை.

மோதிரத்துக்குள் ஏதோ இருந்தது. குச்சியா? குளிர்ந்திருந்தது. தடவினான். நகம்.

அந்த விரல் மடங்கியது.

கையை உருவப் பார்த்தான். முடியவில்லை. மற்ற விரல்களும் அவன் மணிக்கட்டைச் சுற்றின. கத்தினான். பக்கச் சுவர் சரிந்தது. வாயில் மணல். கண்ணில் மணல். மேலே மணல்.

எவ்வளவு நேரம் போயிற்றோ. அசைய முடியவில்லை. சாகவும் முடியவில்லை. புயலின் இரைச்சல் அடங்கியிருந்தது. மேலே இரண்டு பேரின் காலடிகள். பிறகு தீராப் ஹாஜியின் குரல், சாவதானமாக.

"என் பேச்சை நம்பாதீங்க தம்பி. உங்க கையாலயே புதைச்சுப் பாருங்க."

வேண்டாம், புதைக்காதே என்று கத்த நினைத்தான் கப்பாஷி. நாக்கு மணலுக்குள் கிடந்தது.

தலைக்கு மேலே மணல் துகள்கள் மெல்ல விலகின. சின்னதாக, வட்டமாக ஒன்று, வேறு எவளுடைய விரல் சூட்டோடோ கீழே இறங்கி வந்தது. அவனுக்கு அது வேண்டவே வேண்டாம்.

அவன் விரல் தானாக நிமிர்ந்து அதற்குள் நுழைந்தது.