காலி மேடையில் ஆடிய கோடு

ஆடி மாதம் என்பதால் திண்டிவனம் செஞ்சி சாலையில் இருந்த அந்தக் கல்யாண மண்டபம் வெறிச்சோடிக் கிடந்தது. நாற்காலிகளைச் சுவரோரம் அடுக்கி வைத்திருந்தார்கள். வாய்விட்டுப் பேசினால் பேச்சு சுவரில் மோதித் திரும்பி வந்தது.

மண்டபத்தைப் பார்த்துக்கொள்பவர் ஞானராஜ். அன்று அவர் வேலையாக விழுப்புரம் போயிருந்தார். உள்ளே அவருடைய மகள்கள் இருவரும் மட்டும் இருந்தார்கள். மூத்தவள் அமலா கல்லூரியில் படிக்கிறாள். இளையவள் எலிசாவுக்கு ஆறாம் வகுப்பு.

அமலா, முகம் தெரியாத சில நண்பர்களோடு சேர்ந்து இணையம் வழியாக ஒரு செயலி எழுதிக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டருக்குள் வரும் ஒலிகளைக் கூட்டவும் குறைக்கவும் மூடவும் உதவும் செயலி. யார் வேண்டுமானாலும் அதை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். உள்ளே திறந்து பார்த்துத் தவறைத் திருத்தலாம்.

அதைச் சோதிக்கத்தான் இருவரும் வந்திருந்தார்கள். மேடை, மணமகள் அறை, சாப்பாட்டுக் கூடம், சமையற்கட்டு என்று நான்கு இடங்களில் மைக் இருந்தது. நான்கின் ஒயர்களும் மேடை ஓரத்தில் இருந்த அமலாவின் மடிக்கணினிக்கு வந்தன. அங்கிருந்து சத்தம் மண்டபத்து ஸ்பீக்கர்களுக்குப் போனது. திரையில் நான்கு பச்சைக் கோடுகள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு பெயர், அந்த மைக்கை மூட ஒரு பட்டன். மைக்கில் சத்தம் கேட்டால் அதற்கான கோடு மேலே ஏறும்.

"நீ எதை வேணா அமுக்கு, இழு, தள்ளு. எப்படியாவது இதைக் கெடுத்துக் காட்டு. நாளைக்கு வெளியிடணும்" என்றாள் அமலா.

எலிசாவுக்கு ஒரே குஷி. ஒரு பொருளைக் கெடுக்கச் சொல்லி இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

அப்போது வெளியே மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் தடதடவென்று கொட்டியது. பகல் மூன்று மணிக்கே மண்டபம் இருட்டியது.

'மேடை' என்ற கோடு மெல்ல ஏறி இறங்கியது.

எலிசா மேடையைப் பார்த்தாள். ஒரு மைக் தனியாக நின்றது. பக்கத்தில் யாருமே இல்லை.

"அக்கா, மேடையில யாரு?"

"யாரும் இல்லியே."

கோடு மறுபடியும் ஏறியது. மண்டபத்து ஸ்பீக்கர்கள் எல்லாவற்றிலிருந்தும் ஒரு பெருமூச்சு வந்தது. "ஹ்ஹ்ஹ்..." அதன் பிறகு, டங்... டங்... என்று இரும்பில் தட்டும் ஓசை.

"பேயா அக்கா?" எலிசா கத்திவிட்டாள்.

"பேயாவது ஒண்ணாவது!" என்றாள் அமலா. ஆனால் தங்கையை ஒட்டி வந்து நின்றாள்.

டங் டங் டங் டங்! ஓசை வேகமாயிற்று.

"அய்யோ, மணமகள் அறையிலயும் ஒண்ணு இருக்குது! பாரு!" அமலா திரையைக் காட்டினாள். மணமகள் அறை பூட்டியிருந்தது. ஆனால் அந்தக் கோடும் துள்ளியது.

அமலா 'மேடை'யின் மூடு பட்டனை அமுக்கினாள். கோடு நிற்கவில்லை. எலிசா ஒரே ஓட்டமாக மேடையேறி, மைக்கின் ஒயரையே பிடுங்கிவிட்டாள். ஒயர் அவள் கையில் தொங்கியது.

கோடு அப்போதும் ஆடிக்கொண்டிருந்தது. மூச்சும் கேட்டது.

"வா, பூட்டிக்கினு ஜல்தி வீட்டுக்குப் போயிடலாம். அப்பா வந்தப்புறம் பாத்துக்கலாம்!" அமலா மடிக்கணினியை மூடப் போனாள்.

எலிசாவின் கால்களும் ஓடத்தான் பார்த்தன. ஆனாலும் அவள் நின்றாள்.

"அக்கா, அது மூச்சு வுடுதே. வலிக்கிற மாதிரி வுடுது. போன வாட்டி எனக்குக் கால் சுளுக்கினப்போ நான் இப்படித்தான் வுட்டேன்."

அமலாவின் கை நின்றது.

எலிசா திரையை உற்றுப் பார்த்தாள். "அந்த மணமகள் அறைக் கோடு இப்ப ஏன் படுத்துடுச்சி? நாம பேசிக்கினுதானே இருக்கோம்? முன்னாடி நாம கத்துனப்போ எல்லாம் அது குதிச்சுதே!"

"மேடை மைக்கைப் பிடுங்கினதும் அது நின்னுடுச்சி..." என்று அமலா இழுத்தாள்.

"அப்ப அது நம்ம சத்தம்! மேடையில பேசுனா மணமகள் அறையில காட்டுது. உன் கோடு எல்லாம் ஒரு எடம் தள்ளி ஆடுது அக்கா!"

அமலா விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். மேடைச் சத்தம் மணமகள் அறையில். மணமகள் அறைச் சத்தம் சாப்பாட்டுக் கூடத்தில். சாப்பாட்டுக் கூடத்துச் சத்தம் சமையற்கட்டில். கடைசியாக இருப்பது சுற்றிக்கொண்டு முதலுக்கு வந்தாக வேண்டும்.

"சமையற்கட்டு!"

எலிசா 'சமையற்கட்டு' என்ற பெயரின் மூடு பட்டனை அமுக்கினாள். ஸ்பீக்கர்கள் சட்டென்று அமைதியாயின. பட்டன்கள் சரியாகத்தான் இருந்தன, கோடுகள்தான் இடம் மாறியிருந்தன. திறந்தாள். "ஹ்ஹ்ஹ்... யம்மா..."

இருவரும் மழையில் ஓடினார்கள். சமையற்கட்டு மண்டபத்துக்குப் பின்னால், முற்றத்தைத் தாண்டித் தனியாக இருந்தது. பின்வாசல் திறந்து கிடந்தது. உள்ளே பாத்திரம் அடுக்கும் இரும்பு அலமாரி சாய்ந்து விழுந்திருந்தது. அதன் அடியில் ஒரு கால் மாட்டிக்கொண்டு, கையில் கரண்டியோடு கிடந்தார் சமையல்காரர் பாண்டுரங்கன்.

"பாண்டு மாமா!"

"வந்துட்டீங்களா கண்ணுங்களா? கூழ் ஊத்த அண்டா எடுக்க வந்தேன். சாஞ்சுடுச்சி. போனு வண்டியில இருக்குது. வலியில கத்தக்கூட முடியல. தட்டித் தட்டிக் கையே போச்சி."

இருவரும் அலமாரியில் மிச்சமிருந்த அண்டாக்களை ஒவ்வொன்றாக உருட்டித் தள்ளினார்கள். எடை குறைந்ததும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். பாண்டுரங்கன் பல்லைக் கடித்துக்கொண்டு காலை இழுத்துக்கொண்டார். அமலா நூற்றெட்டுக்குப் போன் செய்தாள். எலிசா அவர் தலையை நிமிர்த்தித் தண்ணீர் கொடுத்தாள்.

"மாமா, நடுவுல ஏன் அவ்ளோ வேகமா தட்டுனீங்க?"

அவர் சுவரில் இருந்த சின்ன ஸ்பீக்கரைக் காட்டினார். "நீ பேயின்னு கத்துனது இதுல கேட்டுச்சி பாப்பா. எங்க நின்னுக்கினு இருக்குதோன்னு எனக்கு ஒரே பயம். அதான் கிட்ட வராம இருக்கட்டும்னு போட்டு அடிச்சேன்!"

வலியிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை எலிசா அவர் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

கால் எலும்பில் விரிசல், ஆறு வாரத்தில் கூடிவிடும் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அதைக் கேட்ட பிறகுதான் அமலா மறுநாள் மடிக்கணினியைத் திறந்தாள். கொஞ்ச நேரத்தில் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"கம்ப்யூட்டர் சைபர்லேர்ந்து எண்ணும். நான் ஒண்ணுலேர்ந்து எண்ணியிருக்கேன். அதான் பேஜாரு!"

"திருத்திட்டியா?"

"திருத்திட்டேன். ஆனா வெளியிட மாட்டேன். நீ சோதிச்சுப் பாத்து சரின்னு சொல்லணும்."

எலிசா நான்கு இடத்துக்கும் ஓடினாள். ஒவ்வொரு மைக்கிலும் அந்த இடத்தின் பெயரைச் சொன்னாள். அமலா அந்தந்தக் கோட்டைப் பார்த்துத் தலையாட்டினாள். எலிசா மூச்சிரைக்கத் திரும்பி வந்து திரையைப் பார்த்தாள்.

மேடை காலியாக இருந்தது. இப்போது திரையும் அதையே சொன்னது.