உறைபனிக்கு முன்னால் பிடுங்கியவன்

பாத்தி காலியாக இருந்தது.

சைமி சைக்கிளை வேலியில் சாய்க்கக்கூட இல்லை, அப்படியே கீழே போட்டாள். நேற்று சாயங்காலம்வரை வரிசை வரிசையாக நின்ற மஞ்சள் டர்னிப் கிழங்குச் செடிகள்... ஒன்றுகூட இல்லை. கறுப்பு மண்ணில் வெறும் குழிகள். அந்தக் குழிகளின் விளிம்பில், கோடை முழுக்க அவள் காத்திருந்த முதல் உறைபனி, வெள்ளை வெளேரென்று...

"ஐயோ... எவன் பார்த்த வேலை இது?"

"நான்தாங்க!"

கருவிக் கொட்டகையிலிருந்து ஒருவன் வந்தான். பக்கத்துப் பாத்திக்காரன். முழங்கைவரை மண், முகம் நிறையப் பெருமை.

"பயப்படாதீங்க. எல்லாம் உள்ள பத்திரமா இருக்கு. உறைபனி வருதுன்னு ரேடியோவில சொன்னாங்க. உங்க நம்பர் என்கிட்ட இல்ல. அதான் நானே பிடுங்கி, போர்வை போத்தி வச்சேன்."

"டர்னிப்புக்குப் போர்வையா?"

"ஒண்ணு பத்தல. ரெண்டு..."

"நீங்க எந்த ஊரு?"

"துர்க்கு. தெற்கே. பேரு ஆர்னே. இங்க லிஃப்ட் ரிப்பேர் பண்ண வந்தேன்."

"அப்போ லிஃப்டைப் பிடுங்க வேண்டியதுதானே! ரெண்டு மூணு உறைபனி பட்டாத்தான் இந்தக் கிழங்குக்குள்ள இனிப்பு ஏறும். அதுக்காக நான் தவம் கிடந்தேன். உங்களை யாரு காப்பாத்தச் சொன்னா?"

அவன் முகம் சட்டென்று வாடிப்போனது. அப்போதுதான் அவள் அவன் கண்களைக் கவனித்தாள். கோடை முழுக்கக் கொசுவலைத் தொப்பிக்குள் நடமாடிய ஓர் உருவமாகத்தான் அவனைத் தெரியும். மழைக்கு முந்தைய ஆற்றின் சாம்பல் நிறத்தில் இப்படி இரண்டு கண்கள் உள்ளே இருந்தன என்று யார் கண்டது...

சே! இந்த நேரத்தில் கண் என்ன வேண்டிக்கிடக்கிறது? அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

கிழங்குக்காக வந்த ஆத்திரமும் சும்மா இல்லை. போன வருஷ அறுவடை விருந்தில், மசித்த டர்னிப்பைப் பாலேடும் ஜாதிக்காயும் சேர்த்து அடுப்பில் சுட்டு வைத்திருந்தாள். தோட்டச் சங்கத் தலைவி ரவுஹா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, ஊரே கேட்க, "சர்க்கரைப் பாகை நல்லாவே ஊத்தியிருக்கியேம்மா சைமி!" என்றாள். ஊற்றவில்லை என்று சைமி எவ்வளவோ சொன்னாள். யாரும் நம்பவில்லை. அவளுடைய முடிதிருத்தும் கடைக்கு வருகிறவர்களெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து, "பாகு ரகசியத்தை எங்களுக்கும் சொல்லேன்" என்று கண்ணடித்தார்கள். இந்த வருஷம் எல்லார் முன்னாலும் சமைத்துக் காட்டுகிறேன் என்று சவால் விட்டிருந்தாள். ரோவனியெமி ஊரில் பாதிப் பேருக்கு அது தெரியும்.

விருந்துக்கு இரண்டே வாரம்.

மூன்றாம் நாள், மழையில் நனைந்தபடி ஆர்னே அவள் கடைக்கு வந்தான்.

"முடி வெட்டணும்."

"உட்காருங்க. கத்தரிக்கோல் என் கையில இருக்கு, பார்த்துப் பேசுங்க."

பேசாமல்தான் உட்கார்ந்திருந்தான். கண்ணாடியில் மட்டும் அந்தக் கண்கள் அவளையே... அவள் ஒரு பக்கத்தை வெட்டி முடித்தபோது மெதுவாக ஆரம்பித்தான்.

"என் பாத்தியில கொஞ்சம் டர்னிப் இருக்கு. சின்னச் சின்னதுதான். அதை நான் பிடுங்கல. ரெண்டு உறைபனி பட்டுடுச்சு. அதை வச்சு நீங்க..."

"உங்க விளைச்சலை என் பேருல வைக்கணுமா? திருட்டுத்தனம் பண்றவளாத்தான் தெரியுறேனா உங்களுக்கும்?"

"ஐயோ, நான் அப்படிச் சொல்லலைங்க..."

"எந்திரிங்க!"

எழுந்தான். ஒரு பக்கம் குட்டை, மறுபக்கம் நீளம், அப்படியே மழையில் இறங்கி நடந்தான். கூப்பிடலாமா என்று அவள் வாசல்வரை போனாள். ரோஷம் காலைக் கட்டியது. திரும்பி வந்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த தரையைக் கூட்டினாள்...

விருந்து நாளில், சங்கக் கூடத்து அடுப்பில், எல்லார் கண் முன்னாலும் தன் கிழங்கையே சமைத்தாள். பாகு ஒரு சொட்டு ஊற்றவில்லை. ரவுஹா கரண்டியை நக்கிவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"சப்புன்னு இருக்கே... பாகை மறந்துட்டியோ?"

கூடமே சிரித்தது. சைமி அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழக் கூடாது, இவர்கள் முன்னால் அழவே கூடாது...

"தப்பு என்னோடது!"

கதவருகே ஆர்னே. தலை அப்படியே, பாதி வெட்டியபடி! கையில் மசித்துச் சுட்ட டர்னிப் ஒரு பாத்திரம் நிறைய, மேலெல்லாம் கருகியிருந்தது.

"உறைபனிக்கு முன்னாடியே அவங்க கிழங்கை நான் பிடுங்கிட்டேன். இது பக்கத்துப் பாத்தியில விளைஞ்சது. அதே மண்ணு. பனியில நின்னது. சாப்பிட்டுப் பாத்துட்டு அப்புறம் சிரிங்க."

ரவுஹா கருகலை ஒதுக்கிவிட்டு ஒரு வாய் எடுத்தாள். புருவம் உயர்ந்தது.

"பாகு எவ்வளவு போட்டே?"

"என் வீட்டுல உப்பு மட்டும்தாங்க இருக்கு. அதையும் போட மறந்துட்டேன்."

ரவுஹா இன்னொரு கரண்டி எடுத்தாள். அப்புறம் சைமியைப் பார்த்து, "போன வருஷம் நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி.

சைமி வெளியே ஓடினாள். தூறல். பின்னாலேயே அவனும் வந்தான்.

"இப்பவும் கோவமா?"

"ஆமா! உங்களுக்கும்தானே பாத்தி இருந்துச்சு? அதை விட்டுட்டு என்னோடதை ஏன் பிடுங்கினீங்க?"

அவன் தலை குனிந்தான். "உறைபனின்னு கேட்டதும் என் பாத்தி ஞாபகமே வரல... உங்க முகம்தான் வந்துச்சு. ஜூன்ல இருந்து பாக்குறேன். தினமும் அந்த இலைங்ககிட்ட பேசுவீங்க, திட்டுவீங்க... எனக்கும் அப்படி ஒரு திட்டு கிடைக்காதான்னு இருக்கும். உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு சைமி."

"ஜூன்ல இருந்தா?" அவள் குரல் கீச்சிட்டது. "கோடை முழுக்க வேலிக்கு அந்தப் பக்கம் நின்னுகிட்டு... ஒரு வார்த்தை சொல்லல?"

"பயம்..."

"அநியாயம்! நீங்க மட்டும் ஒரு கோடை முழுக்க நேசிப்பீங்களாம்... எனக்கு வெறும் ரெண்டே வாரமா?"

ஆர்னே திகைத்து நிமிர்ந்தான். மழை வலுத்தது. அவள் இன்னும் முறைத்துக்கொண்டேதான் இருந்தாள்... ஆனால் அவன் கையைப் பிடித்திருந்தாள்.