வெல்லத்துக்குக் குத்திய ஊசி

கூடத்தில் நகம் படும் சத்தம் கேட்டது. வயலிலிருந்து வந்து கொல்லைக் குழாயில் கால் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்த அம்சம் அப்படியே நின்றுவிட்டாள். டக், டக்கென்று நான்கு கால் நடை. அவள் நாய் வெல்லத்துக்குப் பின்னங்கால் இரண்டும் விழுந்து மாசக்கணக்காகிறது. அது நகர்ந்தால் கால் இழுபடும் சத்தம்தான் வரும்.

“என் செல்லமே, எழுந்துட்டியாடா!”

ஆனாலும் நெஞ்சு உறுத்தியது. மாத்திரையோடு அக்குபங்சர் ஊசி வைத்தியமும் பார்க்கலாமென்று தஞ்சாவூர் கால்நடை டாக்டரம்மா சொல்லி, மயிரிழை ஊசிகளை எங்கே குத்துவதென்று பழக்கியும் விட்டிருந்தார். “ஊசிய எடுக்குற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்து தடவிக் குடுங்கம்மா. கட்டிப் போட்டுட்டு மட்டும் போயிடாதீங்க.” இன்று மதியம் ஊசி குத்தி முடித்த நேரம் பார்த்து, வயலில் அறுப்பு மெஷின் இறங்கிவிட்டதென்று ஆள் வந்து கூப்பிட்டது. விட்டால் மெஷின் அடுத்த ஊருக்குப் போய்விடும். வானமும் கறுத்துக் கிடந்தது. வெல்லம் புரண்டு ஊசியை வளைத்துவிடுமே என்று கழுத்துக் கயிற்றை ஜன்னல் கம்பியில் ஒட்டக் கட்டிவிட்டு ஓடினாள். பாவி, பொழுது சாயும்வரை வரப்பிலேயே நின்றுவிட்டாள்.

போன் அடித்தது. விடுதியிலிருந்து மகள் செம்மொழி.

“ஊசி குத்துனியாம்மா? பக்கத்துலயே இருந்தியா?”

“இருந்தேன்டி. நடக்குது பாரு, சத்தம் கேக்குதா?”

“ஐயோ, கேக்குதும்மா!”

பொய் சொன்ன வாய் கசந்தது. போனை வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனாள். கரண்ட் இல்லை. ஈரக் கோணியின் முடை வாடை. போன் வெளிச்சத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

வெல்லம் அங்கேயேதான் கிடந்தது. கயிறு கழுத்தை இறுக்கி, நாக்கு வெளியே தள்ளியிருந்தது. தொட்டாள். விறைத்திருந்தது.

நடை நிற்கவில்லை. அலமாரி ஓரம். கதவோரம். அவள் முதுகுக்குப் பின்னால்.

“நான்தானே கொன்னுட்டேன்...” கயிற்றை அவிழ்த்து உடலை மடியில் போட்டுக்கொண்டாள். இடுப்பில் நின்ற ஊசியொன்றைப் பிடுங்கினாள். முதுகுக்குப் பின்னால் நடையில் ஒரு கால் இழுபடும் சத்தம். இன்னொன்றைப் பிடுங்கினாள். இரண்டும் இழுபட்டன. கூடவே முனகல். வலி தாங்காத முனகல்.

அதைக் கேட்கச் சகிக்கவில்லை. பிடுங்கிய இடத்திலேயே ஊசியைத் திரும்பக் குத்தினாள். வளைந்தது. மறுபடி குத்தினாள்.

முனகல் அடங்கியது. நான்கு கால்கள் எழுந்தன. வந்தன. அவளருகே நின்றன. வெளிச்சத்தைத் திருப்பினாள். அங்கே ஒன்றுமில்லை.

“மன்னிச்சிருடா...”

மடியில் கிடந்த பிணம் வாலை ஆட்டியது.