மூன்றாம் குரல்

காலை ஆறரைக்குத் தூத்துக்குடி மீட்பு ஹெலிகாப்டர் தளத்தில் வழக்கமான சரிபார்ப்பு நடந்துகொண்டிருந்தது. பிலோமினா விமானி, பின்னிருக்கையில் செவிலியர் இசக்கிராஜா. மூன்றாமவரான மருத்துவர் குகதாசன் கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் இருந்தார். இங்கே அவர் வெறும் குரல், காதொலிக் கருவிக்குள்.

"எரிபொருள்?"

"சரி."

"மனம்?"

பட்டியலில் உள்ள கேள்விதான். ஆனால் நான்கு ஆண்டுகளாக அந்தக் குரலைக் கேட்பதற்காகவே அவள் சீக்கிரம் வந்துவிடுவாள்.

மீட்புப் பறப்புகளுக்கு நாடுகள் கூடி வகுத்திருந்தது முக்குரல் விதி. மூவரில் ஒருவர் வேண்டாம் என்றாலும் ஹெலிகாப்டர் எழும்பாது. காரணம் கேட்கக் கூடாது. மூன்றாம் குரல் வேறு நாட்டிலிருந்து வர வேண்டும். ஒரே குழுவில் இருக்கும்வரை அவரை நேரில் பார்க்கவோ தனியே பேசவோ அனுமதியில்லை. நெருங்கிப் பழகியவரிடம் மறுப்புச் சொல்ல நாக்கு எழாது என்பதைப் பல விபத்துகள் காட்டியிருந்தன.

அன்று பத்து மணிக்கு அழைப்பு வந்தது. நடுக்கடலில் விசைப்படகொன்றில் வலை இழுக்கும் கம்பி அறுந்து, சேவியர் என்பவரின் கால் நசுங்கியிருந்தது. காற்றின் வேகம் இருபத்தெட்டு நாட். பறக்க வரம்பு முப்பது.

"போலாம்," என்றாள் பிலோமினா.

"போலாங்க்கா," என்றான் இசக்கி.

காதுக்குள் குகதாசனின் குரல் வந்தது. "நான் வேண்டாம் எண்டு சொல்லுறன்."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு என்ஜினை அணைத்தாள். மீட்புப் படகு போய்த் திரும்ப மூன்று மணி நேரமானது. சேவியர் பிழைத்தார், கால் போயிற்று. காற்று கடைசிவரை வரம்பைத் தாண்டவில்லை.

மறுநாள் அந்தக் குரல் வரவில்லை. ஒரு வாரம் கழித்து குகதாசனின் அறிக்கை வந்தது. "காற்றுக்கு நான் பயப்படவில்லை. போகிறவர் பிலோமினா என்பதால் பயந்தேன். பார்க்காமல் இருந்தும் அந்த நெருக்கத்தைத் தடுக்க முடியவில்லை. அந்த மனிதரின் கால் என் பொறுப்பு. விலகுகிறேன்."

"இனிமே நீங்க அவரப் போய்ப் பாக்கலாம்லக்கா?" என்றான் இசக்கி மெதுவாக.

அவள் முதலில் சேவியரின் வீட்டுக்குப் போனாள். எதையும் மறைக்காமல் சொன்னாள்.

"கோவம் இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன்," என்றார் சேவியர். "ஆனா அவரப் பாத்தா சொல்லுங்க, நான் உசுரோடதான் இருக்கேன்னு."

குகதாசனுக்குச் செய்தி அனுப்பிவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் கப்பலேறினாள். யாழ்ப்பாணக் கரையில், காங்கேசன்துறைத் துறைமுகத்தில் இறங்கியபோது கூட்டம் நெரிந்தது. எந்த முகம் அவருடையது என்று அவளுக்குத் தெரியாது. ஒரு தூணோரம் ஒதுங்கிக் கண்களை மூடிக்கொண்டு, அந்தக் குரலுக்குக் காதுகொடுத்தபடி நின்றாள்.

"வந்திட்டீங்களோ?"

வெகு அருகில்தான் கேட்டது. அவள் உடனே கண்ணைத் திறக்கவில்லை.