முப்பது எண்ணும்வரை

பொத்தானில் மட்டும் தூசி இல்லை.

கம்ப்யூட்டர் மெக்கானிக் கண்ணில் முதலில் பட்டது அதுதான். மேசை, திரை, கீபோர்டு எல்லாவற்றிலும் விரலால் பேர் எழுதலாம், அவ்வளவு தூசி. பெட்டியின் பவர் பொத்தான் மட்டும் தேய்ந்து பளபளத்தது. வாடிக்கையாளர் சொல்வதில் பாதி பொய், மீதி மறதி. இருபத்தைந்து வருஷத்தில் அவர் படித்த படிப்பு அது ஒன்றுதான்.

"மூணு மாசமா யாரும் தொடலைன்னு போன்ல சொன்னீங்க."

"எங்க வீட்டுக்காரர் போனதுல இருந்து ஆன் ஆகலை அண்ணே," என்றாள் வீட்டுக்காரி. கேட்டதற்கு அது பதில் இல்லை. "இந்த நாற்காலியிலதான் சாஞ்சார். அவர் சாஞ்ச நேரத்துலயே இதுவும் நின்னுபோச்சு."

கதவோரம் நின்றாள். உதட்டில் நீலம், விரல் நுனிகளில் சாம்பல் நிறம். ஊதினால் விழுந்துவிடுவாள் போலிருந்தது.

மழை. மதியம் மூன்று மணிக்கே அறை இருண்டு கிடந்தது. அடைத்த ஜன்னல்களுக்குள் ஈரத்துணி வாடையும், அதற்கு அடியில் மருந்து வாடையும், அதற்கும் அடியில் ரப்பர் கருகியது போன்ற ஒரு வாடையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தேங்கி நிற்க, எங்கோ ஒரு குழாய் சொட்டும் சத்தம் அவர் நெஞ்சுத் துடிப்போடு சேர்ந்தும் பிரிந்தும் கேட்டது.

அந்தத் துடிப்பு அவருடையது இல்லை. போன வருஷம் டாக்டர் இடது தோளுக்குக் கீழே, தோலுக்கடியில் ஒரு சின்ன மெஷினை வைத்துத் தைத்திருந்தார். அது தட்டினால்தான் நெஞ்சு ஓடும். தெரிந்தால் வேலை தரமாட்டார்கள். அதனால் யாரிடமும் சொன்னதில்லை. சட்டையைக் கழுத்துவரை பூட்டிக்கொள்வார். வீட்டுக்காரியின் பார்வை அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

சுவரில் டெஸ்டரை வைத்தார். எரிந்தது. வேறு ஒயர் மாற்றினார். அசைவில்லை. மூடியைக் கழற்றி, பவர் சப்ளையின் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் கம்பித்துண்டால் சேர்த்தார். அதன் காத்தாடி சுற்றவேண்டும். சுற்றவில்லை.

"பவர் சப்ளை செத்துப்போச்சு தங்கச்சி."

"உயிர் வராதா?"

"வரும். உயிரோட இருக்கிற ஒண்ணுல இருந்து எடுத்து இதுக்குக் குடுத்தா வரும்."

பட்டறைப் பேச்சு. ஆயிரம் வீட்டில் சொன்னது. ஆனால் அவள் முகம் முதல் தடவையாக மலர்ந்தது.

"நானும் அப்படித்தான் நினைச்சேன்," என்றாள்.

சீக்கிரம் முடித்துவிட்டுக் கிளம்ப நினைத்தார். சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கித் தரையில் போட்டார். உள்ளே கை விடுமுன் பொத்தானை முப்பது எண்ணும்வரை அழுத்திப் பிடிப்பது அவர் வழக்கம். தங்கிய கரண்ட் வடிந்துவிடும். கரண்டையும் மச்சானையும் நம்பக்கூடாது என்பது அவர் கட்சி.

"முப்பது எண்ணணும்," என்று சொல்லி அழுத்தி, வாய்விட்டு எண்ணினார். ஒன்று. இரண்டு.

ஐந்தில் காத்தாடி துடித்தது. மிச்சக் கரண்ட். துடித்துவிட்டு நின்றுவிடும்.

ஒன்பது. நிற்கவில்லை. மெல்லச் சுற்றியது, தூங்குகிற ஆள் மூச்சு விடுவதுபோல. ஒயர் தரையில்தான் கிடந்தது. இரண்டு தடவை பார்த்தார்.

பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது.

"தினமும் நான் அழுத்திப் பார்த்தேன் அண்ணே," என்றாள் அவள். "என்கிட்ட இருந்தது பத்தலை."

விரலை எடுக்கப் பார்த்தார். வரவில்லை. தோளுக்குக் கீழே குளிர்ந்தது. ஒரு தட்டு தவறியது. இன்னொன்று. பெட்டியிலிருந்து வடியவில்லை. பெட்டிக்குள் வடிகிறது.

"கதவைத் திற," என்று சொல்ல வாய் திறந்தார். காற்றுதான் வந்தது.

காத்தாடி வேகம் பிடித்தது. பச்சை விளக்கு. குழாய்ச் சொட்டு கேட்டது. நெஞ்சுத் துடிப்பு கேட்கவில்லை. எண்ணிக்கை மறந்துபோனது.

அவள் மறக்கவில்லை.

"பதினேழு," என்றாள். பக்கத்தில் வந்து துணியால் நாற்காலியின் தூசியைத் தட்டிவிட்டாள். பிறகு குனிந்து, புருஷனிடம் பேசும் குரலில், "அவசரப்படாதீங்க, இன்னும் பதிமூணு இருக்கு," என்றாள்.

காலி நாற்காலியின் மெத்தை, ஆள் உட்காரும் அளவுக்கு, மெல்ல அமுங்கியது.